நாங்கள் கொடுக்கும் அரிசிப் பை உண்மையிலேயே உதவுகிறதா, எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: ஜெலுத்தோங்_பொருளாளர்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

பினாங்கு ஜெலுத்தோங் பக்கம் ஒரு மலிவுவிலை அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 34 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். 2021-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு நீண்டுகொண்டே போன சமயம், நாடு முழுக்க உதவி கேட்டு வெள்ளைக் கொடி கட்டினார்களே, எங்கள் பிளாக்கிலும் ஏழு வீட்டு ஜன்னலில் வெள்ளைத் துணி தொங்கியது. ஒரு வீட்டில் அது பிள்ளையின் பள்ளிச் சட்டை. அன்றைக்கு நாலு பேர் ஆளுக்கு நூறு வெள்ளி (ரிங்கிட்) போட்டு அரிசி வாங்கிக் கொடுத்தோம். அதுதான் எங்கள் குழுவின் ஆரம்பம். இப்போது 62 குடும்பங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பை கொடுக்கிறோம். 5 கிலோ அரிசி, எண்ணெய், சீனி, கோதுமை மாவு, மூன்று டின் சார்டின், பீஹூன், ஒரு பாக்கெட் மைலோ. பைக்கு 75 வெள்ளி, மாதம் 4,650 வெள்ளி.

இதில் பாதிப் பணம் ஒரு நிறுவனத்திடமிருந்து வருகிறது. போன மாதம் அவர்கள் ஒரு கடிதம் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டும் பணம் வேண்டுமானால், இந்த உதவியால் அந்தக் குடும்பங்களில் என்ன மாறியிருக்கிறது என்று ஆதாரத்தோடு எழுதித் தர வேண்டுமாம்.

கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டினேன். தலைவர், "படம் நிறைய எடுப்போம், நாலு பேரிடம் நன்றிக் கடிதம் வாங்கி இணைப்போம், முடிந்தது" என்றார். செயலாளருக்கு வேறு யோசனை. பட்டியலில் இருப்பவர்களில் சிலர் மோட்டார் வைத்திருக்கிறார்கள், சில வீட்டில் ஆஸ்ட்ரோ டிவித் தட்டு இருக்கிறது, அவர்களை எடுத்துவிட்டால் பட்டியல் சுத்தமாகிவிடும், அதையே ஆதாரமாகக் காட்டலாம் என்றார். நான் எதுவும் பேசவில்லை. என் கணக்குப் புத்தகத்தில் கடைசி ஐந்து சென் வரை எங்கே போனது என்று காட்ட முடியும். ஆனால் அந்த 75 வெள்ளி ஒரு வீட்டுக்குள் போன பிறகு என்ன ஆனது என்று என்னைக் கேட்டால், இந்த நாலு வருடத்தில் ஒரு வரி கூட எழுதி வைக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கீழே மளிகைக்கடை பாயிடம் போனேன். எங்கள் பட்டியலில் உள்ள பல குடும்பங்கள் அவரிடம்தான் கடனுக்குச் சாமான் வாங்குகிறார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் கடன் எழுதும் சின்ன 555 நோட்டுப் புத்தகங்கள், வீட்டுக்கு ஒன்றாக, ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருப்பார். "பெயர் வேண்டாம் பாய், என்ன வாங்குகிறார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும்" என்றேன். அவர் சற்று யோசித்தார். பிறகு ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, பெயர் எழுதியிருந்த மேல் ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எட்டு புத்தகம் பார்த்தேன். பெம்பர்ஸ் (குழந்தை டயப்பர்). கேஸ் தோங் (சிலிண்டர்). பெம்பர்ஸ். பால்மாவு. ரொட்டி. டாப்-அப் 10. மறுபடியும் பெம்பர்ஸ். இரண்டு மாதப் பக்கங்களில் அரிசி என்ற சொல்லைத் தேடினேன். மூன்று இடத்தில்தான் இருந்தது.

அரிசி நாம் கொடுப்பதால்தான் கடனில் அரிசி இல்லை என்றும் சொல்லலாம். அவர்களுக்குக் குறை அரிசியில் இல்லவே இல்லை என்றும் சொல்லலாம். இதில் எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பெண் எங்கள் அரிசியைப் பாதி விலைக்குப் பக்கத்து வீட்டில் விற்றுவிட்டுப் பிள்ளைக்குப் பெம்பர்ஸ் வாங்கியது குழுவில் தெரிந்து, அவரை நீக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் சண்டை நடந்தது. அந்த 555 புத்தகங்களைப் பார்த்த பிறகு அந்தச் சண்டையில் நான் சும்மா இருந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போன வாரம் லிப்ட் பழுது. 14-ஆம் மாடியில் யாருக்கோ கடிதம் கொடுக்க நடந்தே ஏறினேன். கோடி வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே எழுபத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா, தனியாக. அடுப்பில் கஞ்சி. பேச்சுக் கொடுத்தபோது, இங்கே உதவி கொடுக்கிறார்கள் என்பதே தனக்குத் தெரியாது என்றார். அவரிடம் வாட்ஸ்அப் இல்லை. எங்கள் பட்டியலே வாட்ஸ்அப் குழுவில் இருந்தும், குழு உறுப்பினர்கள் சொன்ன பெயர்களிலிருந்தும் வந்ததுதான். நாலு வருடமாக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பைகளில் ஒன்று கூட 14-ஆம் மாடி கோடி வீட்டுக்குப் போகவில்லை.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை எப்படி நியாயமாக முடிவு செய்வது? கொடுத்தது பலன் தருகிறதா என்று எங்களைப் போன்ற சின்னக் குழு எப்படி அளப்பது? அளக்கிறேன் பேர்வழி என்று அந்தக் குடும்பங்களைக் கூனிக் குறுக வைக்காமல் இதைச் செய்ய வழி இருக்கிறதா?

பதில் 1: ஓய்வுபெற்ற_நல_அதிகாரி

சகோதரிக்கு வணக்கம். செந்தூலிலிருந்து எழுதுகிறேன். சமூகநல இலாகாவில் பல மாவட்டங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். விண்ணப்பம் வந்தால் வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது.

முதலில் அந்த 14-ஆம் மாடி அம்மாவைப் பற்றி. அவருக்கு 60 வயதுக்கு மேல், வருமானம் இல்லை, பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் இல்லை என்றால் இலாகாவின் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் தொகை மாதம் 500 ரிங்கிட்டிலிருந்து 600 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. உங்கள் பை 75 ரிங்கிட். ஒரு தொண்டர் ஒரு காலைப்பொழுது அவரோடு உட்கார்ந்து, மைகார்டு (அடையாள அட்டை) நகல், வங்கிக் கணக்கு எல்லாம் சரிபார்த்து, வடகிழக்கு மாவட்ட அலுவலகத்துக்குப் பாரம் அனுப்ப உதவினால், எட்டுப் பைகளின் மதிப்பு மாதாமாதம் அவர் கணக்கில் ஏறும். பையை நிறுத்தச் சொல்லவில்லை. உங்கள் ஆள்பலத்தில் பாதியைப் பாரம் நிரப்பவும், பதில் வந்ததா என்று தொடர்ந்து கேட்கவும் செலவிடுங்கள். அது நடக்கும்வரை அவசரமென்றால் அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் தவறு இரண்டு வகைப்படும். தேவையில்லாதவர் உள்ளே இருப்பது ஒன்று, தேவையுள்ளவர் வெளியே நிற்பது இன்னொன்று. முதல் வகை எல்லார் கண்ணிலும் படும், ஏனென்றால் அவர் வரிசையில் நிற்கிறார், அவருடைய மோட்டார் கீழே நிற்கிறது. இரண்டாம் வகை யார் கண்ணிலும் படாது. உங்கள் செயலாளர் முதல் வகையை மட்டும் திருத்தப் பார்க்கிறார். நான் வேலையில் இருந்த காலத்தில் என்னை உறுத்தியதெல்லாம் இரண்டாவது வகைதான்.

நாட்டு அளவிலும் இதே கதைதான். 2016-இல் மலேசியாவில் வறுமை 0.4 விழுக்காடு என்று கணக்கு சொன்னது. நாங்கள் போய்வந்த வீடுகளைப் பார்த்தால் அந்த எண் நம்பும்படி இல்லை. 2019 ஆகஸ்டில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து பார்த்துவிட்டு, வறுமைக் கோடு நிஜ வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். முதலில் மறுப்புதான் வந்தது. பிறகு 2020 ஜூலையில் அரசாங்கமே கணக்கிடும் முறையை மாற்றியது. குடும்ப மாத வருமானம் 980 ரிங்கிட் என்று இருந்த கோடு 2,208 ரிங்கிட் ஆனது. 2019-க்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடு, 4 லட்சத்து 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அந்தக் குடும்பங்கள் அன்று புதிதாக ஏழையாகவில்லை. கோடு தாழ்வாக இருந்தவரை அவர்கள் கணக்கில் வரவில்லை.

மோட்டார் விஷயம். பினாங்கில் மோட்டார் இல்லாமல் எப்படி வேலைக்குப் போவது? உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையனுக்கு மோட்டார்தான் பிழைப்பு. அதைக் காரணம் காட்டி நீக்கினால் உழைக்கப் பார்க்கிறவனைத் தண்டிக்கிறீர்கள். வருமானத்தையும் ஒரே ஒரு மாதச் சீட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாள்கூலிக்காரருக்கு ஒரு மாதம் 2,400 வரும், அடுத்த மாதம் 900 வரும். ஆஸ்திரேலியாவில் 2016-இல் தொடங்கிய ரோபோடெட் திட்டத்தில் இதைத்தான் கோட்டைவிட்டார்கள். வரி அலுவலகத்தில் இருந்த ஆண்டு வருமானத்தை இரண்டு வாரத் தவணைகளாகச் சமமாகப் பிரித்துப் போட்டு, "நீ கூடுதலாக உதவி வாங்கிவிட்டாய், திருப்பிக் கொடு" என்று லட்சக்கணக்கானோருக்குக் கடிதம் அனுப்பினார்கள். வேலை இருந்த மாதத்தையும் இல்லாத மாதத்தையும் ஒன்றாகக் கலந்த கணக்கு அது. சட்டப்படியே செல்லாது என்றாகி, 2023-இல் அரச விசாரணை ஆணையம் கடுமையாகக் கண்டித்தது. கணினி செய்தாலும் நோட்டில் எழுதினாலும் தவறு ஒன்றுதான்.

கடைசியாக, கோபப்படாதீர்கள் சகோதரி, குழு உறுப்பினர்கள் சொன்ன பெயர்களிலிருந்து பட்டியல் வந்தது என்றீர்கள். யாருடைய உறவினர் பெயர் பேசப்படுகிறதோ அந்த நேரத்தில் அவர் எழுந்து வெளியே போக வேண்டும், அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். பெயரைத் தேர்வு செய்கிறவரும் பணத்தைக் கையாள்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. விடுபட்டவர் வந்து "ஏன் எனக்கு இல்லை" என்று கேட்க ஓர் இடம் இருக்க வேண்டும், கேட்டவருக்கு இத்தனை நாளுக்குள் பதில் என்று முறை இருக்க வேண்டும். அரசாங்கத்தின் ஏழைக் குடும்பப் பட்டியலான இ-காசேயிலும் விடுபட்டவர்கள் உண்டு. 2024 தொடக்கத்தில் எல்லாரையும் அரசாங்கத்தின் 'பாடு' என்ற குடும்ப விவரத் தரவுத்தளத்தில் பதியச் சொன்னபோதும் கைப்பேசி பழகாத முதியவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் பதிந்து கொடுத்தான். அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக உங்கள் குழு இருக்க முடியும்.

பதில் 2: சேவை_பிறை

அக்கா, நான் பிறையில் கோவிலில் அன்னதானத்துக்கு நிற்கிறவன். பதினாறு வருடமாகப் பரிமாறுகிறேன். இலையில் உட்கார்ந்தவரிடம் உன் சம்பளம் எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டதில்லை. பசி என்று வந்தவனுக்குச் சோறு போட ஆராய்ச்சி எதற்கு? நிறுவனத்துக்காக மக்களை எண்ணாக மாற்றினால் கொஞ்ச நாளில் நம் மனசும் அப்படியே ஆகிவிடும். கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும். மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார். இது என் நம்பிக்கை, யாரையும் குறை சொல்ல எழுதவில்லை.

பதில் 3: புள்ளியியல்_மாணவி

ஆண்ட்டி, உங்கள் 555 புத்தகப் பகுதியை வகுப்புத் தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். புக்கிட் மெர்தாஜாமில் என் பாட்டி வீட்டுப் பக்கத்துக் கடையிலும் இப்படி ஓர் அடுக்கு இருக்கும். நான் கோலாலம்பூரில் புள்ளியியல் படிக்கிறேன்.

பிறை அண்ணாவுக்கு முதலில். அண்ணா, நல்ல மனசோடு செய்தது கெடுதலாக முடிந்ததற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சோமர்வில் நகரங்களில் 1939-இல் 506 சிறுவர்களை ஒருவருக்கொருவர் பொருந்தும் ஜோடிகளாகப் பிரித்து, நாணயம் சுண்டி ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் உதவி கொடுத்தார்கள். ஆலோசகர் வீட்டுக்கு வருவார், பாடம் சொல்லிக் கொடுப்பார், கோடை முகாமுக்கு அனுப்புவார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்து 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் "எனக்கு அது நன்மை செய்தது" என்று சொன்னார்கள். ஆனால் பதிவேடுகளை ஒப்பிட்டால், மறுபடி மறுபடி குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், இளவயதில் இறந்தவர்கள் உதவி பெற்ற பக்கத்தில்தான் கூடுதல். ஏன் என்பதில் இன்றும் விவாதம் உண்டு. நன்றிக் கடிதம் ஆதாரமாகாது என்று இதைப் படித்த நாளில்தான் எனக்கு உறைத்தது. நன்றி சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. உதவி கிடைக்காமல் இருந்திருந்தால் தாங்கள் எப்படி இருந்திருப்போம் என்பது அவர்களுக்கே தெரிய வழியில்லை, அவ்வளவுதான்.

ஆண்ட்டி கேட்ட முதல் கேள்விக்கு நமக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. இந்தோனேசியாவில் 2008-இல் 640 கிராமங்களில் யார் ஏழை என்று கண்டுபிடிக்க மூன்று முறைகளைக் குலுக்கல் போட்டுப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியில் வீட்டின் சுவர், கூரை, மோட்டார் போன்றவற்றை எண்ணிக் கணக்கிட்டார்கள். இன்னொரு பகுதியில் ஊர் மக்களே கூட்டம் போட்டு ஏழையிலிருந்து வசதியானவர் வரை வரிசைப்படுத்தினார்கள். மூன்றாவதில் இரண்டையும் கலந்தார்கள். செலவுக் கணக்கைத் துல்லியமாகப் பிடித்ததில் முதல் முறை கொஞ்சம் மேல். ஆனால் மக்கள் மனநிறைவு அடைந்தது ஊர்க்கூட்டத்தில்தான், தங்கள் ஊரில் ஏழை யார் என்பதற்கு அவர்களிடம் வேறு அளவுகோலும் இருந்தது. என்னைக் கவர்ந்தது ஒரு சின்ன விஷயம். கூட்டத்தின் தொடக்கத்தில் பேசப்பட்ட வீடுகளுக்கு முடிவு சரியாக இருந்தது, போகப் போகத் தவறு கூடியது. ஆட்கள் களைத்துப் போகிறார்கள். 62 பெயரையும் ஒரே இரவில் முடிவு செய்யாதீர்கள்.

அதே நாட்டில் மானிய அரிசித் திட்டத்திலும் ஒரு சோதனை நடந்தது. ஒரு குடும்பத்துக்கு எத்தனை கிலோ உரிமை, என்ன விலை என்று அச்சடித்த அட்டையைச் சில கிராமங்களில் வீட்டுக்கே அனுப்பினார்கள். வேறெந்த மாற்றமும் இல்லை. அந்த அட்டை போன இடங்களில் மக்களுக்குக் கிடைத்த மானியம் 26 விழுக்காடு கூடியது. தனக்கு என்ன உரிமை என்று தெரிந்தவர் கேட்டு வாங்குகிறார். அதனால் உங்கள் விதிகளை லிப்ட் பக்கத்தில் தமிழ், மலாய், சீன மொழிகளில் ஒட்டுங்கள். பெயர்களை ஒட்டாதீர்கள், விதிகளை மட்டும்.

அளப்பது பற்றி. 62 குடும்பத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வளர்ந்தார்களா என்று பார்க்க ஆரம்பிக்காதீர்கள், அந்த எண்ணிக்கையில் அது தெரியாது. கோலாலம்பூரில் 17 மலிவுவிலை அடுக்குமாடிகளில் 966 குடும்பங்களைப் பார்த்து யூனிசெஃப் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை, 15 விழுக்காட்டினருக்கு எடை போதவில்லை. அந்த அளவு வேலை செய்ய அவர்களிடம் ஆளும் பணமும் இருந்தது. நீங்கள் மாதம் ஒருமுறை மூன்றே கேள்வி கேளுங்கள். போன வாரம் காசில்லாமல் யாராவது ஒரு வேளை சாப்பிடாமல் விட்டீர்களா? கடையில் கடன் கூடியதா குறைந்ததா? பையில் எதைத் தொடவே இல்லை? ஒரே கேள்வி, ஒரே வாரம், ஒரே சொற்கள். கேட்கிறவர் குழு உறுப்பினராக இல்லாமல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அடுத்த மாதப் பை நின்றுவிடுமோ என்ற பயத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள்.

நீங்கள் பிரிக்க முடியவில்லை என்ற அந்த அரிசிச் சிக்கலுக்கும் ஒரு வழி சொல்கிறேன். பையின் மதிப்புக்கு அதே மளிகைக்கடையில் செல்லும் 75 வெள்ளிச் சீட்டு அடித்து, குலுக்கல் முறையில் 31 குடும்பங்களுக்கு முதல் மூன்று மாதம் பைக்குப் பதில் சீட்டு கொடுங்கள். மற்ற 31-க்குப் பை. மூன்று மாதம் கழித்து மாற்றிக்கொள்ளுங்கள். யாரும் வெறுங்கையோடு நிற்கப் போவதில்லை. பாயிடம், குடும்பங்கள் சம்மதித்தால் மட்டும், மாதக் கடைசிக் கடன் தொகையை மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். எதனால் எது மாறியது என்று ஓரளவு பிடிபடும். சீட்டு வந்ததும் பாய் விலையை ஏற்றாமல் இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும், அவர் நல்லவராகவே இருந்தாலும்.

பதில் 4: மூணாம்_மாடி

நானும் பிளாட்லதான் இருக்கேன், கோலாலம்பூர்ல. எங்களுக்கும் ஒரு குழு பை குடுத்தாங்க. அதை வாங்குறப்ப பேனர் முன்னாடி நிக்க வச்சு படம் எடுப்பாங்க. பையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் புடிக்கச் சொல்லுவாங்க, கம்பெனி பேரு தெரியணும்னு. ஒரு தடவை அந்தப் படத்தை என் மக வகுப்புப் புள்ள பேஸ்புக்ல பாத்துட்டு பள்ளிக்கூடத்துல காட்டிட்டா. அன்னிக்கு மக வந்து ஒண்ணும் பேசல. யூனிபார்மோட படுத்துக்கிட்டா. அதுக்கப்புறம் நான் போகல. ரெண்டு மாசம் கழிச்சு அவங்க வாட்ஸ்அப்ல போட்டிருந்தாங்க, எங்க உதவியால இத்தனை குடும்பம் சொந்தக் கால்ல நின்னு வெளியேறிட்டாங்கன்னு. அதுல நானும் ஒரு கணக்கு. அந்த ரெண்டு மாசமும் எங்க வீட்டுல ராத்திரிக்கு மெகி மீதான்.

அக்கா, வராமப் போனவங்க கிட்ட ஏன் வரலன்னு யாராவது ஒருத்தர் வந்து கேளுங்க. என்னை யாரும் கேக்கல.

அரிசி வித்த அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. பெம்பர்ஸ் இல்லாம நர்சரில புள்ளய எடுத்துக்க மாட்டாங்க. புள்ளய விட முடியலன்னா வேலைக்குப் போக முடியாது. அவ அரிசியை விக்கல, ஒரு நாள் வேலையைக் காப்பாத்திக்கிட்டா.

பதில் 5: சேவை_பிறை

மூணாம் மாடி தங்கச்சி எழுதியதைப் படித்தேன். எங்கள் பந்தியிலும் முன்பு வந்து இப்போது வராதவர்கள் உண்டு. ஏன் என்று நானும் கேட்டதில்லை. இருந்தாலும் கேட்டு வருகிறவருக்கு அந்த நேரத்தில் இல்லை என்று சொல்லக்கூடாது என்பதில் நான் மாறவில்லை. அக்கா, அதற்கு உங்கள் திட்டத்தில் இடம் வையுங்கள். மாடி ஏறி இறங்க ஆள் தேவையென்றால் சொல்லுங்கள், பாலத்தைத் தாண்டி வருகிறேன்.

ஜெலுத்தோங்_பொருளாளர்

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

இந்த இழையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கூட்டத்தில் வாசித்தேன். மூணாம் மாடி தங்கச்சியின் பதிலை வாசிக்கும்போது என் குரல் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர் வாங்கி மீதியை வாசித்தார். அதன் பிறகு படம் எடுப்பது பற்றி யாரும் பேசவில்லை. இனிமேல் பை வாங்குகிறவரைப் படமெடுப்பதில்லை என்று அங்கேயே தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். தலைவரும் போட்டார். பழைய படங்களைப் பக்கத்திலிருந்து எடுக்கும் வேலை அவருடைய மகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

கடந்த ஒரு வருடத்தில் பை வாங்குவதை நிறுத்தியவர்கள் யார் என்று என் கையெழுத்துப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்பது குடும்பம். ஆறு பேரைப் பார்த்துப் பேசிவிட்டேன். இரண்டு குடும்பம் வீடு மாறப் போகிறார்களாம், வேலை கிடைத்துவிட்டது. ஒருவருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கி வர ஆளில்லை. ஓர் அம்மா ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு கடையில் மங்கு (பாத்திரம்) கழுவுகிறார். மற்ற இருவரும் காரணம் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவில்லை. இந்த ஒன்பது பேரின் இடத்தையும் நாங்கள் "தேவை தீர்ந்தது" என்று நினைத்துப் புதியவர்களுக்குக் கொடுத்திருந்தோம்.

மோட்டார், ஆஸ்ட்ரோ விதி கைவிடப்பட்டது. செயலாளருக்கு அதில் இன்னும் வருத்தம்தான். அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது, பணம் கொடுத்தவர்களுக்கு அவரும் பதில் சொல்ல வேண்டும். அதனால் விதிகளை எழுதும் பொறுப்பை அவரிடமே கொடுத்தோம், ஓய்வுபெற்ற அதிகாரி ஐயா சொன்ன இரண்டு வகைத் தவறையும் மேலே எழுதி வைத்துக்கொண்டு. உறவினர் பெயர் வரும்போது எழுந்து போகும் விதியை அவர்தான் முதலில் எழுதினார். தன் அண்ணி பட்டியலில் இருப்பதையும் அவரே சொன்னார்.

சீட்டு யோசனைக்குப் பாய் சம்மதம். விலையை எழுதி ஒட்டவும் சம்மதம். ஆனால் கடன் தொகையைக் குறித்துத் தருவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தன்னிடம் நேரில் வந்து சரி சொல்ல வேண்டும் என்றார். அவர் அப்படிக் கேட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. குலுக்கலில் சிலருக்குச் சங்கடம், அதனால் தங்கச்சி மாணவி சொன்ன மாதிரி இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ளும் தேதியைச் சீட்டிலேயே அச்சடிக்கப் போகிறோம். மூன்று கேள்விகளைக் கேட்க அடுத்த பிளாக்கிலிருந்து ஓர் ஆசிரியை வருகிறார், அவருக்கு எங்கள் குழுவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறை தம்பிக்காக மாதம் ஐந்து பையைத் தனியாக வைக்கிறோம், பட்டியல் பார்க்காமல், கேட்டு வருகிறவருக்கு. அதற்குக் கணக்கில் தனிப் பத்தி போட்டிருக்கிறேன். பெயர் கேட்கமாட்டோம், எண்ணிக்கை மட்டும்.

நிறுவனத்துக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். என்ன மாறியது என்று இப்போது எங்களால் சொல்ல முடியாது, ஆறு மாதத்தில் சொல்கிறோம், அதில் நல்லதில்லாததும் இருந்தால் அதையும் எழுதுவோம் என்று. இன்னும் பதில் வரவில்லை.

14-ஆம் மாடி அம்மாவின் பாரம் போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. வங்கிக் கணக்கு இல்லாமல் இருந்தது, அதைத் திறக்கவே இரண்டு தடவை அவரோடு போக வேண்டியிருந்தது. வாடகைக்கார் பணத்தை அவர் தன் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து நீட்டினார், நான் வாங்கவில்லை.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு வீடு வீடாகப் போகத் தொடங்குகிறோம். முதல் வாரம் 14-ஆம் மாடியிலிருந்து கீழே, அடுத்த வாரம் ஒன்றாம் மாடியிலிருந்து மேலே, களைத்துப்போய்க் கடைசியில் பார்க்கிற வீடுகள் எப்போதும் அதே வீடுகளாக இருக்கக்கூடாதென்று. பிறை தம்பி, லிப்ட் இன்னும் சரியாகவில்லை. நீங்கள் வந்தால் உதவியாக இருக்கும்.